டிசம்பர் அண்ணையும் முப்பத்தோராம் இலக்கமும்

ஜெர்மனி முழுவதிலும் ஐஸ் ஹொக்கியைச் சரியாக விளங்கிக்கொண்ட ஒரேயொரு மனிதர் டிசம்பர் அண்ணைதான். அவருக்குச் சறுக்கத் தெரியாது. சறுக்குச் சப்பாத்தைக் காலில் மாட்டியதே கிடையாது. ஆட்டத்தில் யார் வென்றது என்று கேட்டால், "அதை வெண்டவனிட்டைக் கேளுங்கோ" என்பார். ஆனாலும் சொல்கிறேன்: கழுத்தில் விசிலும் கையில் பட்டியலுமாகத் திரிகிற அத்தனை பேரையும்விட அவருக்குத்தான் கூடத் தெரியும். மறுக்கிறவர்கள் என்னிடம் நேரில் வரட்டும்.

வுப்பர்டால் நகரிலிருந்து பஸ்ஸில் போகக்கூடிய தூரத்தில் இருக்கிறது எங்கள் ஊர் ஐஸ் மண்டபம். அண்ணை அங்கே மெஷின் ஓட்டினார். இடைவேளையில் கீறல் விழுந்த தரையை வழித்து, தண்ணீர் விட்டுக் கண்ணாடியாக்குகிற பெரிய மெஷின். அது சம்பள வேலை. சம்பளமில்லாத வேலை ஒன்றும் வைத்திருந்தார். நாளைக்குப் பெரிய ஆட்டக்காரர்களாக வரக்கூடிய பிள்ளைகளைக் கண்டுபிடிப்பது. அந்த வேலையை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. விடச் சொல்லிப் பலர் கேட்டார்கள். அவர் விடவில்லை.

நான் அவரை முதலில் சந்தித்ததே சண்டையில். என் மகள் மதுராவுக்கு அப்போது எட்டு வயது. தன்னைவிடப் பெரிய பையை இழுத்துக்கொண்டு ஐஸ் ஹொக்கி பழக வந்தாள். இறப்பர் பூட்சும் காதை மூடுகிற தொப்பியும் போட்ட ஒருவர், வாயில் கச்சான் கடலையை மென்றபடி வழியை மறித்தார்.

"தங்கச்சி, பிள்ளை எந்த மாசம்?"

"ஏன்?"

"சும்மா சொல்லுங்கோவன். மாசமும் தேதியும் காணும். பிறந்த நேரம் தேவையில்லை."

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "எட்டு வயசுப் பிள்ளைக்குச் சம்பந்தம் பேச வந்தனீரோ? வயசு போன நேரத்திலை வெக்கமில்லையோ?" என்று தொடங்கி, நினைவுக்கு வந்ததையெல்லாம் சொன்னேன். தமிழ் ஒரு சொல்லும் தெரியாத ஜெர்மன் தாய்மார் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டார்கள்.

அவர் கச்சானை மென்று முடித்தார். "கத்தி முடிஞ்சுதோ? நல்லது. இப்ப மாசத்தைச் சொல்லுங்கோ."

"மார்கழி முப்பது!"

லொத்தர் விழுந்தவனுடைய முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவருடைய முகம். "முப்பதோ! ரெண்டே ரெண்டு நாள் பொறுத்திருந்தால் பிள்ளை தப்பியிருக்குமே!" என்று என்னைக் குற்றவாளியைப் போலப் பார்த்துவிட்டு மெஷின் அறைக்குள் போய்விட்டார்.

விஷயம் இதுதான். ஐஸ் ஹொக்கியில் பிள்ளைகளைப் பிறந்த வருடப்படி பிரிப்பார்கள். ஜனவரி முதலாம் தேதி பிறந்தவனும் டிசம்பர் முப்பதாம் தேதி பிறந்தவளும் ஒரே வகுப்பு. சின்ன வயதில் ஒரு வருடம் என்றால் ஒரு தலை உயரம். ஆட்களைத் தெரிவுசெய்ய வருகிறவர்கள் பெரிய உடம்பைப் பார்த்து எடுப்பார்கள். எடுத்த பிள்ளைக்கு மேலதிகப் பயிற்சி கொடுப்பார்கள். அது திறமாக விளையாடியதும், "பார்த்தீர்களா எங்கள் கண்ணை" என்று தாங்களே தங்கள் முதுகில் தட்டிக்கொள்வார்கள். டிசம்பர் பிள்ளை ஓரத்து வாங்கில் குந்தியிருந்து தண்ணீர்ப் போத்தல் நிரப்பும்.

இதை அண்ணை எந்தப் பயிற்சியாளரிடமும் கற்கவில்லை. அவருடைய சொந்தக் கதையே இதுதான். அவர் பிறந்தது மார்கழி இருபத்தெட்டு. அகதியாக வந்தபோது கையில் பிறப்புப் பத்திரம் இல்லை. பதிவுக் கந்தோரில் இருந்த அலுவலர் வருடத்தை மட்டும் கேட்டுவிட்டு, முன்னால் ஜனவரி ஒன்று என்று போட்டுவிட்டார்.

"நான் சொன்னனான் தங்கச்சி, மார்கழி எண்டு. கடுதாசி காட்டு எண்டான். கடுதாசி வீட்டோடை எரிஞ்சு போச்சு. ஒரு குத்திலை என்னை ஒரு வருசம் கிழவனாக்கிப் போட்டான். நான் கடுதாசியிலை மூத்தவன். உந்த ஜனவரிப் பெடியளும் அப்பிடித்தான். கடுதாசியாலை வந்த வீரம்."

அதன் பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. கோயில் திருவிழா, பிறந்தநாள், கலியாணம் என்று எங்கே போனாலும் பிள்ளைகளின் பிறந்த மாதத்தை விசாரித்தார். சனம் அவரைச் சாத்திரி என்று நினைத்தது. வுப்பர்டாலில் ஒரு தகப்பன் மகனுடைய சாதகக் குறிப்பையே பிரதி எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார். அண்ணை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "செவ்வாய் எங்கை நிக்குதெண்டு எனக்கென்னத்துக்கு? பெடியன் ஐஸிலை நிப்பானோ எண்டு சொல்லுங்கோ." தகப்பன் அதற்குப் பிறகு அவருடன் பேசவில்லை.

அவர் ஆட்களைப் பார்க்கிற முறையும் வேறு. ஆட்டத்தை அவர் பார்ப்பதே இல்லை. ஆட்டம் முடிந்து பிள்ளைகள் போன பிறகு, மெஷினை எடுக்கமுன், டோர்ச் லைட்டும் கையுமாக ஐஸில் இறங்குவார். இறப்பர் பூட்சில் தாரா வாத்து நடக்கிற மாதிரி நடந்து, குனிந்து, சறுக்குச் சப்பாத்து கீறிய கோடுகளை வாசிப்பார்.

"எல்லாரும் பிள்ளையைப் பார்ப்பினம். நான் கோட்டைப் பார்ப்பன். கோட்டுக்கு உயரம் இல்லை, நிறை இல்லை, தேப்பன் ஆரெண்டும் தெரியாது."

பொறுப்பாளர் ஒலிபெருக்கியில் கத்துவார்: "மெஷின்! மெஷின் எங்கே?" அண்ணை நிமிராமலே கையை உயர்த்திக் காட்டுவார். அது மரியாதையான சைகையா என்பதை என்னால் நிச்சயமாகச் சொல்லமுடியாது.

கண்டதையெல்லாம், ஐஸின் குளிர் எவ்வளவு என்று எழுதுகிற தாள்களின் பின்பக்கத்தில் எழுதுவார். ஒவ்வொரு வருடமும் தெரிவாளர்களுக்கு அன்ட்ராக் என்கிற அரசாங்க விண்ணப்பம் மாதிரிக் கடிதம் போடுவார். அவருடைய ஜெர்மனில் வினைச்சொல் வீட்டிலேயே தங்கிவிடும். மற்றச் சொற்கள் மட்டும் பயணம் போகும். ஒரு பதிலும் வந்ததில்லை.

உண்மையையும் சொல்லவேண்டும். அவர் கண்டுபிடித்த ஒருவரும் ஆட்டக்காரராக வரவில்லை. முதல் 'நட்சத்திரம்' ஆஹென் நகரில் பொறியியல் படிக்கிறான். இரண்டாவது ஆள் பான் நகரில் பல் வைத்தியம் படிக்கிறான். நான் ஒருநாள் இதைச் சொல்லிக் குத்தினேன்.

"பல்லுத்தானே படிக்கிறான்? அங்கை உடையிறதும் அதுதானே. ஐஸ் ஹொக்கியை விட்டுத் தூரம் போகேல்லை" என்றார்.

மதுராவோடு அவர் பேசியது கிடையாது. நாலு வருடத்தில் அவளிடம் சொன்னது ஒரேயொரு வசனம்: "விலகு பிள்ளை, மெஷின் வருது." ஆனால் அவளுடைய கோடுகளை மட்டும் இரண்டு தடவை பார்ப்பார்.

அவளுக்குப் பன்னிரண்டு வயதானபோது மாநில அணிக்கான தெரிவு எங்கள் மண்டபத்திலேயே நடந்தது. ஒரு பிறந்த வருடத்துக்கு ஒரேயொரு தடவைதான் அது. காலையில் காரில் வரும்போதே மதுரா சொல்லிவிட்டாள்.

"இந்தமுறை எடுக்காட்டி நான் விடுறன் அம்மா. கிளப்பிலையும் ஒவ்வொரு முறையும் 'அடுத்த வருசம், அடுத்த வருசம்' எண்டினம். எனக்கு அலுத்துப்போச்சு."

அவள் சும்மா சொல்கிற பிள்ளை இல்லை. விட்டால் விட்டதுதான்.

தெரிவாளர் ஒரு மீசைக்காரர். சுற்றியுள்ள ஊர்களிலிருந்து முப்பத்தொரு பிள்ளைகள் வந்திருந்தார்கள். பிறந்த தேதி வரிசையில் இலக்கம் கொடுத்தார்கள். முதலாம் இலக்கத்துக்கு மீசை அரும்பியிருந்தது. மதுராவுக்கு முப்பத்தொன்று.

பயிற்சி இதுதான்: நீலக்கோடுவரை ஓடவேண்டும், சட்டென்று நிற்கவேண்டும், திரும்பி ஓடிவந்து மறுபடி நிற்கவேண்டும். இரண்டு முனையிலும் மீசைக்காரர் நிற்கிற பக்கத்தைப் பார்த்தே நிற்கவேண்டும். அப்படியென்றால் ஒருமுறை இடப்பக்கம் சாய்ந்து நிற்கவேண்டும், மறுமுறை வலப்பக்கம். அநேகமான பிள்ளைகளுக்கு ஒரு பக்கம்தான் வரும். ஐந்து பாதை, பாதைக்கு ஆறு பேர். மிச்சமாக நின்றது மதுரா. அவளைச் சுவரோரமாகத் தனியே ஓடவிட்டார்கள். அவள் ஓடும்போது மீசைக்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு யாரோடோ கோப்பி குடித்துக் கதைத்துக்கொண்டிருந்தார். நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

இடைவேளையில் கண்ணாடியில் பட்டியல் ஒட்டினார்கள். முப்பத்தொன்று அதில் இல்லை. மதுரா பையின்மேல் இருந்து சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினாள்.

"சரி அம்மா. வீட்டை போவம்."

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். நான் மீசைக்காரரிடம் போய், நீங்கள் அவளைப் பார்க்கவேயில்லை என்றேன். அவர் சிரித்தார். "சின்னப் பிள்ளை. உடம்பு வரட்டும். அடுத்த வருடம்..."

"அடுத்த வருடம் அவளுக்குத் தெரிவே இல்லையே!" என்று நான் கத்தத் தொடங்கியபோது மெஷின் ஐஸில் இறங்கியது.

அண்ணை அரைவாசித் தரையைத்தான் வழித்தார். பயிற்சி நடந்த பக்கத்துக்கு வந்ததும் மெஷினை நிறுத்தினார். மெஷினிலிருந்து திறப்பை உருவிச் சட்டைப்பைக்குள் போட்டார். இறங்கி, தாரா நடையில் நீலக்கோட்டுக்குப் போய், ஐஸின் மேல் காலை மடித்துச் சப்பாணி கட்டி இருந்துவிட்டார்.

ஒலிபெருக்கி அலறியது. பொறுப்பாளர் கண்ணாடியில் குத்தினார். "உன்னை வேலையால் நிறுத்துவேன்!"

அண்ணை என்னைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார்: "தங்கச்சி, உந்த மீசையை இஞ்சை கொண்டுவாருங்கோ. என்ரை ஜெர்மன் காணாது. உங்கடை கோவம் காணும்."

நான் கொண்டுவந்தேன். எப்படி என்று கேட்காதீர்கள். மீசைக்காரர் வழுக்கி வழுக்கி வந்து, "இது என்ன பைத்தியக்காரத்தனம்?" என்றார். அண்ணை டோர்ச்சை அடித்தார். அவர் தமிழில் சொன்னதை நான் ஜெர்மனில் சொன்னேன்.

"இது முதல் பாதை. இஞ்சாலை வடிவாய் நிண்டிருக்கினம். அங்காலை பாருங்கோ, நிக்க ஏலாமல் வட்டமடிச்சுத் திரும்பியிருக்கினம். ரெண்டாவது, மூண்டாவது, எல்லாம் அப்பிடித்தான். ஒரு பக்கம் பிரேக் இருக்கு, மற்றப் பக்கம் இல்லை. இப்ப சுவரோரம் வாருங்கோ."

சுவரோரத்தில் ஒரேயொரு பிள்ளையின் கோடு. இரண்டு முனையிலும் கத்தியால் வெட்டினாற்போல நேராக, குறுகலாக.

மீசைக்காரர் குனிந்தார். பிறகு முழங்காலில் இருந்தார். கையுறையைக் கழற்றி விரலால் தடவினார்.

"இது யார்?"

"முப்பத்தொண்டு," என்றார் அண்ணை. "நீங்கள் பாக்காமல் விட்டது."

மீசைக்காரர் தன் தாளைப் புரட்டினார். முப்பத்தொன்றுக்கு நேரே கெட்ட புள்ளிகூட இல்லை. வெறும் இடம். அந்த வெறும் இடத்தை நானும் பார்த்தேன், அவர் காது சிவந்ததையும் பார்த்தேன்.

"சப்பாத்தைப் போடச் சொல்லுங்கள்," என்றார்.

மதுரா மறுபடி ஓடினாள். பெரிய பையன்கள் இடித்து இரண்டு தரம் விழுந்தாள், மூன்றாம் தரம் இடிக்க வந்தவன் அவள் நின்ற வேகத்தில் சுவரோடு போய் மோதினான். மாலையில் தட்டச்சுப் பட்டியலின் அடியில் பேனையால் ஒரு பெயர் சேர்த்திருந்தார்கள். முப்பத்தொன்று.

நான் அண்ணையிடம் ஓடினேன். அவர் மிச்சத் தரையை வழித்துக்கொண்டிருந்தார். "விலகுங்கோ தங்கச்சி, மெஷின் வருது."

அடுத்த கிழமை மண்டபத்திலிருந்து அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதை எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தார். "இத்தனை வருசத்திலை எனக்கு வந்த ஒரேயொரு பதில். தேதியும் சரியாய்ப் போட்டிருக்கிறான்!"

சரியாக இல்லாத தேதி கடைசியில் அவரைப் பிடித்துவிட்டது. போன வருடம் பென்சன் வந்தது, கடுதாசிப்படி. அவர் கந்தோர் கந்தோராக டெர்மின் என்று சந்திக்க நேரம் எடுத்து ஏறி இறங்கினார். "எனக்கு இன்னும் ஒரு வருசம் கிடக்கு. நான் டிசம்பர்." பென்சனை முந்தித் தரச் சொல்லி அழுகிறவர்களை அங்கே தினமும் பார்க்கிறார்களாம். பிந்தித் தரச் சொல்லிச் சண்டை பிடித்தவரை அன்றுதான் கண்டார்களாம். நானும் கூடப் போனேன். என் கோபமும் அங்கே எடுபடவில்லை. அந்த ஒரு வருடத்தை அவர்கள் கொடுக்கவேயில்லை.

இப்போது மெஷினைப் புதிய ஆள் ஒருவர் ஓட்டுகிறார். அண்ணை சனிக்கிழமைகளில் பஸ் பிடித்து வருகிறார், அதே தொப்பி, அதே டோர்ச். ஆட்டம் முடிந்ததும் மதுரா உடனே வெளியே வருவதில்லை. மெஷின் கதவடிக்கு வேகமாக வந்து இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை நின்றுவிட்டுத்தான் வருவாள். அப்படிச் செய் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அண்ணை குனிந்து இரண்டு கோட்டையும் பார்ப்பார். இரண்டு தடவை. பிறகு ஓடாத மெஷினைக் காட்டி, "விலகு பிள்ளை, மெஷின் வருது" என்பார்.

அந்தக் கதவடியைக் கடைசியாகத்தான் வழிக்கவேண்டும் என்று புதிய ஆளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நல்ல விதமாகத்தான் சொன்னேன். குனிந்தால் நிமிர அண்ணைக்கு இப்போது கொஞ்சம் நேரம் பிடிக்கிறது. அதுவரை ஐஸ் காத்திருக்கட்டும்.