வெயில் பட்ட மண்

கிட்டத்தில் வந்து உட்காருங்கள், கண்ணுகளா. மண்ணுக்கு வயது பார்க்கப்போன இடத்தில் ஒரு மனுஷி பட்ட பாட்டைச் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம். அவளே இப்போது சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

வெம்பக்கோட்டைப் பக்கம், வைப்பாற்றங்கரை முகாமில், வெள்ளைத்தாய் ஓர் இரும்புக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தாள். முழங்கை நீளம். உள்ளே மண். இரு முனையிலும் கறுப்புத் துணி இறுகக் கட்டியிருந்தது. துணி ஈரத்தில் நசநசத்தது.

மற்றக் குழாய்களெல்லாம் பெட்டிக்குள் பூட்டியிருந்தன. இது ஒன்று மட்டும் வாசலில் கிடந்தது.

குழாய்கள் அருணாதேவியுடையவை. பல்கலைக்கழகத்தில் கல்லையும் மண்ணையும் ஆராய்கிறவள். இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் அந்தக் கரையில் கல்லாகவே மாறிப்போன பெரிய எலும்பு ஒன்று அகப்பட்டது. அதற்கு வயது கண்டுபிடிக்கத்தான் ஆடி மாதம் முகாம் போட்டிருந்தாள். வெள்ளைத்தாய்க்குச் சமையலும் காவலும். அவள் புருஷன் சுடலைக்குத் தோண்டுகிற வேலை.

சாயங்கால ரயிலில் குழாய்கள் ஆய்வுக்கூடத்துக்குப் போகவேண்டும். பார்சலுக்கு ஏற்பாடு செய்ய அருணாதேவி, சங்கிலிமுத்து ஓட்டிய ஜீப்பில் விருதுநகர் போயிருந்தாள். எல்லாம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தால் அடுத்த முகாம்களுக்கும் உங்களையே வைத்துக்கொள்ளச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். அது நடக்காவிட்டால் வெள்ளைத்தாய் பழையபடி பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அடைக்கிற மருந்து அறைக்குத்தான் திரும்ப வேண்டும். அந்த அறை கொடுத்த இருமல், இங்கே வந்த பிறகுதான் அவளைத் தூங்க விட்டிருந்தது.

ஆகவே ஈரக் குழாயைப் பார்த்ததும் அவள் பட்டாசுக் கணக்குத்தான் போட்டாள். குழாய்க்குள் அடைத்த சரக்கு ஈரமாயிருந்தால் நமுத்துப்போகும். நமுத்த சரக்கை அனுப்பினால் வாங்குகிறவன் லோடையே திருப்பிவிடுவான். இத்தனை வருஷம் மருந்து அடைத்த கை சும்மா இருக்குமா? துணியை அவிழ்த்தாள். மண்ணைத் தட்டிக் கொட்டினாள். நல்ல வெயிலில், மிளகாய் வத்தல் காயும் சாக்குக்குப் பக்கத்திலேயே இன்னொரு சாக்கில் பரப்பிவிட்டாள்.

கஞ்சி குடிக்க வந்த சுடலை, அதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான்.

"இது எந்த மண்ணு?"

"குழாய் மண்ணுங்க. நமுத்துக் கெடந்துச்சு, காயப் போட்டேன்."

"அடிப்பாவி. அது வெளிச்சமே பாக்கக்கூடாத மண்ணு."

தோண்டும்போது காதில் விழுந்ததையெல்லாம் அவன் சொன்னான். எலும்பு கல்லாகிவிட்டது, அதனிடம் வயதைக் கேட்க முடியாது. அதற்கு மேலேயும் கீழேயும் கிடக்கிற மணலைத்தான் கேட்க வேண்டும். புதைந்த நாளிலிருந்து மணல் இருட்டுக்குள் கிடந்து, சுற்றியுள்ள மண்ணிலிருந்து வருகிற, கண்ணுக்குத் தெரியாத கதிரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைக்குமாம். கருவியில் வைத்தால் அதை ஒளியாகக் கக்குமாம். எவ்வளவு கக்குகிறதோ அதை வைத்து வயது. நடுவில் வெயில் பட்டுவிட்டால் சேர்த்ததெல்லாம் போச்சு.

"பல்லாயிரம் வருசத்துக் கெழவிய இன்னைக்குப் பொறந்த பிள்ளையாக்கிட்டியே," என்றான்.

வெள்ளைத்தாய் மண்ணை அள்ள ஓடினாள். அதற்குள் ஆடிக் காற்று வத்தல் சாக்கைப் புரட்டி மண்ணின் மேலேயே கவிழ்த்தது. மாவுச் சல்லடையை எடுத்துச் சலித்தாள். மண்ணும் விழுந்தது, உடைந்த வத்தல் விதையும் விழுந்தது. புருஷனும் பெண்டாட்டியும் தும்மியதுதான் மிச்சம்.

இனி ஒரே வழி, குழியிலேயே புது மண் எடுத்து, மேடம் வருவதற்குள் அடைத்துவிடுவது. வெயிலில் எப்படி எடுப்பது? இருவரும் ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு குழிக்குள் குப்புறப் படுத்தார்கள். வெயில் பார்த்த மேல்மண்ணை இருட்டுக்குள்ளேயே சுரண்டித் தள்ளினார்கள். சுடலை குழாயைப் பிடித்தான்; அவள் சுத்தியலை ஓங்கினாள். முதல் அடி குழாயில் விழுந்தது. இரண்டாவது அவன் பெருவிரலில்.

கம்பளிக்குள்ளிருந்து எழுந்த சத்தத்தைக் கேட்டு, இருக்கன்குடி மாரியம்மனுக்கு நடந்து போய்க்கொண்டிருந்த பெண்கள் கூட்டம் நின்றது. கூட்டத்தில் மூத்தவள் ராக்காயி. யாருக்கோ வலிப்பு என்று நினைத்து ஓடிவந்து கம்பளியை உருவிவிட்டாள். வெயில் உள்ளே பாய்ந்தது. அந்த மண்ணும் போச்சு.

வெள்ளைத்தாய்க்கு அழுகை வந்துவிட்டது. நமுத்த குழாயிலிருந்து மருந்து அறை இருமல் வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்தாள்.

"வெயில மறைக்கணும், அம்புட்டுத்தானத்தா?" என்றாள் ராக்காயி.

மூட்டைகளிலிருந்து மாற்றுச் சேலைகளும் போர்வைகளும் வெளியே வந்தன. கம்பளிமேல் அடுக்கடுக்காக விழுந்தன. பெண்கள் சுற்றி உட்கார்ந்து முனைகளை முழங்காலால் அமுக்கிக்கொண்டார்கள். பின்னால் வந்த ஒருத்தி, உள்ளே என்ன சாமி என்று கேட்டாள். மூச்சு முட்ட, "வயசு" என்றான் சுடலை. அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்தாள்.

குழாயை அடைத்துத் துணி கட்டி, வியர்வையில் குளித்து இருவரும் வெளியே வரவும், ஜீப் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

வெள்ளைத்தாய் வாயை மூடிக்கொண்டு குழாயைக் கொடுத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. கையும் நீண்டுவிட்டது. ஆனால் வாய் கேட்கவில்லை. அத்தனை பேர் முன்னாலும் நடந்ததைச் சொல்லிவிட்டு, மருந்து அறைக்கே போய்விடுகிறேன் என்று தலை குனிந்துகொண்டாள்.

அருணாதேவி கரையில் பரந்து கிடந்த மஞ்சள் சேலைகளைப் பார்த்தாள். வீங்கியிருந்த சுடலையின் பெருவிரலைப் பார்த்தாள்.

"ஒரு பிடி மண்ணு வெளிச்சம் பாத்துடக்கூடாதுன்னு இம்புட்டுப் பேரு மெனக்கெட்டு நான் எந்த முகாம்லயும் பாத்ததில்ல. அடுத்த முகாமுக்கும் நீங்கதான் வர்றீங்க, வெள்ளைத்தாயக்கா. மருந்து ரூம் பேச்சே வேண்டாம்." பிறகு நெற்றியைச் சுருக்கினாள். "ஆமா, பெட்டியத்தான் பூட்டிட்டுப் போனேனே. நீங்க எந்தக் குழாய எடுத்தீங்க?"

"வாசல்ல கெடந்தது, தாயி."

அருணாதேவி மெல்லத் திரும்பி, ஜீப் ஓட்டும் சங்கிலிமுத்துவைப் பார்த்தாள். அவன் துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டே வெள்ளைத்தாயிடம் சொன்னான்:

"வெயில் பட்டா இந்த ஆத்து மண்ணோட வயசு நெசமாவே அழியுதான்னு சோதிக்கணும், அந்த ஒத்தக் குழாய மட்டும் அவுத்துக் காயப் போடுங்கன்னு காலையிலயே மேடம் எங்கிட்ட சொன்னாகக்கா; நாந்தான் கெளம்புற அவசரத்துல மறந்து வாசல்ல போட்டுட்டுப் போயிட்டேன்."

உங்கள் வீட்டிலும், கண்ணுகளா, வெயில் வேண்டியதற்கு வெயிலும் நிழல் வேண்டியதற்கு நிழலும் என்றைக்கும் குறையாமல் கிடைக்கட்டும்.