கோடெல்லாம் நேராகத்தான் இருக்கிறது

ஆல்டர் ஜங்ஷன், மின்னசோட்டா
மார்ச் 9, திங்கள்

அன்புத் தங்கை வெர்னாவுக்கு அண்ணன் ஆர்வில் எழுதுவது. நானும் உன் அண்ணி ஆர்டிஸும் இங்கே நலம். உன் முழங்கால் வலியும் உங்கள் ஃபார்கோ ஊர்க் காற்றும் கொஞ்சமாவது தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். ஏரியில் பனி இன்னும் இரண்டடி கனம் இருக்கிறது. உன் கடிதம் கிடைத்தது. 'அண்ணா, இனிமேல் வண்டி ஓட்டாதே' என்று அதில் ஏழு இடத்தில் எழுதியிருக்கிறாய். ஏழு என்று எனக்குத் தெரிகிறதே, அதுவே என் கண்ணுக்குச் சான்று.

நாற்சந்தி சமாசாரத்தை உனக்குப் பற்ற வைத்தது பக்கத்து வீட்டு கார்டி மாக்கிதான், எனக்குத் தெரியும். பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவனுக்கு வாய் சும்மா இருக்காது. போன நவம்பரில் நடந்தது இவ்வளவுதான். நாலு பக்கமும் நின்று போகவேண்டிய சந்தி, எதிரே நீலக் கோட்டு போட்ட ஒரு ஆள் நிற்கிறார், நான் மரியாதையாக 'நீங்க போங்க' என்று கை காட்டினேன், அவர் அசையவில்லை, சரி, அவரும் நம்ம ஊர்க்காரர்தானே, நம்மைப் போகச் சொல்கிறார் என்று நினைத்தேன், ஆனால் அவர் போகாமல் நான் போனால் நன்றாகவா இருக்கும், மறுபடி கை காட்டினேன், மறுபடியும் காட்டினேன். பின்னால் கார்டி வண்டியில் நிற்கிறான். ஹாரன் அடிப்பது மரியாதை இல்லையே, அதனால் அவனும் பத்து நிமிஷம் பேசாமல் நின்றுவிட்டு, கடைசியில் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டி, "அண்ணே, அது நீலத் தபால் பெட்டி. அது வழி விடாது, நாமதான் போகணும்" என்றான். வெயில் கண்ணில் அடித்தது வெர்னா, வேறொன்றுமில்லை.

ஆர்டிஸ் விடுவாளா? கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் ஃபென்ஸ்கி என்று ஒரு பெண், நம்ம மகள் கார்லா வயதுதான் இருக்கும். அவள் சொன்னது என்னவென்றால், கண்ணுக்குப் பின்னால் வெளிச்சத்தை வாங்குகிற செல்கள் இருக்கின்றனவாம், அவை தினமும் தங்கள் நுனியைக் கழித்துப் போடுமாம், அதற்கு அடியிலே ஒரு வரிசை செல்கள் அந்தக் கழிவை விழுங்கிச் செரிக்க வேண்டுமாம். வயதாக ஆகச் செரிக்காத மிச்சம் அவற்றின் வயிற்றிலேயே தங்கி, அது நஞ்சாகி, முதலில் துப்புரவு செய்கிறவன் சாகிறான், அப்புறம் அவனை நம்பி இருந்த வெளிச்ச செல்லும் சாகிறதாம். எனக்கு வந்ததே கோபம்! முப்பத்து நாலு வருஷம் இந்த மாவட்டத்துக் குப்பை லாரி ஓட்டியவன் நான். ஹாலோவீன் பனிப்புயலில்கூட ஒரு வீட்டை விட்டதில்லை. என் கண்ணிலேயே குப்பை எடுக்க ஆள் இல்லை என்றால் என்ன அர்த்தம்? எந்தக் கிழமை எடுப்பார்கள் என்று கேட்டேன். தினமும் காலையில் என்றாள். நாங்களே வாரத்துக்கு ஒரு தடவைதான். கொண்டுபோய்க் கொட்டக் குப்பை மேடு எங்கே என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. "மேடு கிடையாதுங்க. உள்ளேயே வெச்சுக்கணும். அதுதான் சிக்கல்" என்றாள். போன செல் திரும்பி வராதாம், மிச்ச செல்கள் சாகிற வேகத்தை வேண்டுமானால் கொஞ்சம் குறைத்துப் பார்க்கலாமாம். கீரை சாப்பிடச் சொன்னாள். அன்றிலிருந்து ஆர்டிஸ் அடுப்பில் சுட்டெடுக்கிற உருளைக்கிழங்கு ஹாட்டிஷ் எல்லாம் பச்சை நிறமாக வருகிறது.

ஒரு கட்டம் போட்ட தாளும் கொடுத்தாள். நடுவில் ஒரு புள்ளி. அதை ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டி, தினமும் ஒவ்வொரு கண்ணாகப் பொத்திக்கொண்டு பார்க்கவேண்டும், கோடு வளைந்தால் போன் பண்ண வேண்டும். தினமும் காப்பிக்கு முன்னால் பார்க்கிறேன். கோடெல்லாம் நேராகத்தான் இருக்கிறது. புள்ளி மட்டும் தெரிவதில்லை, மட்டமான மை. ஆர்டிஸிடம் தினமும் 'நேர்' என்று சொல்லிவிடுகிறேன்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு லைசென்ஸ் புதுப்பிக்கப் போகிறேன். அதில் தவறினால் வண்டி போச்சு, வண்டி போனால் வீடும் போச்சு. கடை இருபத்தெட்டு மைல். ஆர்டிஸ் கல்யாணமான நாற்பத்தாறு வருஷத்தில் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. கார்லா டுலூத்தில் முதியோர் குடியிருப்பில் எங்களுக்கு அறையே சொல்லி வைத்துவிட்டாள், ஒன்பதாவது மாடியாம். அதனால் போன மாதம் லைசென்ஸ் புதுப்பித்த கார்டியிடம், கண் பரீட்சை மெஷினில் என்ன எழுத்து வந்தது என்று கேட்டேன். அவனுக்கு இல்லை என்று சொல்ல வராது. மனப்பாடம் பண்ணிவிட்டேன், தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆர்டிஸுக்கு ஒன்றும் தெரியாது, வாரத்தில் மூன்று நாள் தேவாலயத்தில் மெத்தைவிரிப்பு தைக்கிறேன் என்று கார்டி வண்டியில் ஏறிப் போய்விடுகிறாள். இத்தனை தைத்தும் ஒரு விரிப்பைக்கூட வீட்டில் காணோம்.

உன்னிடம் மட்டும் சொல்றேன் வெர்னா, பயமா இருக்கு. ஆர்டிஸை நேராப் பாத்தா முகத்தில நடுவுல அழுக்குத் துணியால தேச்ச மாதிரி ஒரு கறை. மூக்கும் இல்ல, சிரிப்பும் இல்ல. கொஞ்சம் தள்ளி, அவ காதைப் பாத்தேன்னா முகம் வந்துடுது. அப்படித்தான் பாத்துப் பேசறேன். அவ கண்டுபிடிக்கல. நீ சொல்லித் தொலைக்காதே.

உன் வீட்டில் எல்லோருக்கும் ஆண்டவர் நல்ல பசியும் நனையாத காலுறையும் தருவாராக. கவரை ஒட்டிவிட்டேன். முகவரியை மட்டும் ஆர்டிஸ் எழுதுவாள், அவள் கையெழுத்து அழகு.

என்றும் உன் அண்ணன்,
ஆர்வில் லிண்ட்குவிஸ்ட்

பின்குறிப்பு: வெர்னா, நான் ஆர்டிஸ். கவர் ஒட்டலை, அவர் பசையைத் தடவினது மேஜை விரிப்பில. வரி மேல வரி எழுதியிருக்கார், உன்னால படிக்க முடியாதுன்னு நானே பாத்து நகல் எடுத்தேன். உன் கடிதத்தைப் படிச்சுக் காட்டினதும், ஏழு இடம்னு எண்ணிச் சொன்னதும் நான்தான். டாக்டர் குடுத்த கட்டம் கிறிஸ்துமஸ்ல ஃப்ரிட்ஜுக்குப் பின்னால விழுந்துடுச்சு. இவர் தினமும் நேரா இருக்குன்னு பாக்கறது சமையல் கேஸ்காரன் குடுத்த காலண்டர். டாக்டருக்குப் போன் பண்ணியாச்சு, புதன்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. கார்டி சொன்ன எழுத்து அவனோட பனி வண்டி நம்பர். பாவம், இல்லைன்னு சொல்ல அவனுக்கு வேற வழி தெரியலை. நான் ஒரு விரிப்பும் தைக்கலை. பழைய குப்பை மேட்டு மைதானத்தில கார்டி எனக்கு வண்டி ஓட்டக் கத்துக்குடுத்தான். ரெண்டு பீப்பாயை இடிச்சேன், மூணாவது தடவையில போன வெள்ளிக்கிழமை பாஸாயிட்டேன். கார்லாகிட்ட அந்த அறை வேண்டாம்னு சொல்லிட்டேன். இவர்கிட்ட இன்னும் சொல்லலை. வியாழக்கிழமை அங்கே தவறி, வெளியே வந்து அவர் வாசல்ல நிக்கறப்போ நான் வண்டியைக் கொண்டுவந்து முன்னால நிறுத்தணும். நாற்சந்தியில கை காட்டற வேலை அவருக்கே இருக்கட்டும், தபால் பெட்டியா ஆளான்னு நான் பாத்துக்கறேன். அவர் காதைப் பாத்துப் பேசறது ஜனவரியிலேயே எனக்குத் தெரியும். அதுக்குத்தான் அம்மாவோட சிவப்புக் கல் தோட்டைத் தினமும் போட்டுக்கறேன், அவருக்கு நல்லாத் தெரியட்டும்னு.