மலைக்குப் பின்வாசல் இல்லை

வழி கேட்பது எனக்குப் பிடிக்காத காரியம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, தலையில் அண்டா சுமந்து, பிறகு தள்ளுவண்டி, பிறகு சொந்த டெம்போ என்று ஏறி வந்தவன் நான். காரைக்குடி வட்டாரத்தில் கல்யாணப் பாத்திரம் வாடகைக்கு வேண்டுமென்றால் முதலில் என் பெயரைத்தான் சொல்வார்கள். (இரண்டாவதாகச் சொல்லப்படுகிறவர் என்னிடம் வேலை பார்த்தவர்.) அப்பேர்ப்பட்ட நான் நாலு பேரை ஒரு மலைக்குக் கூட்டிக்கொண்டு போய்த் திண்டாடிவிட்டதாக என் குடும்பத்தார் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்கள். நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். தப்பு மலையுடையது என்பது உங்களுக்கே விளங்கும்.

எங்கள் பேத்தி கயல் போன ஜூனில் புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். அங்கே பாடத்தோடு மரம் ஏறவும் கூடாரம் போடவும் சொல்லிக்கொடுக்கிறார்களாம். (நான் இரண்டையும் ஃபீஸ் கட்டாமல் கற்றவன்.) அதிலிருந்து வீட்டில் ஒரே சாகசம். மொட்டைமாடியில் கூடாரம் வேண்டும் என்றாள். என் ஆட்களை விட்டுப் பந்தலே போட்டு, ஃபேன் மாட்டி, ஐம்பது நாற்காலி இறக்கினேன். பிள்ளை அழுதது. சைக்கிளில் இளையாத்தங்குடி வரை போக வேண்டும் என்றாள். பின்னாலேயே டெம்போவில் இட்லிக் கொப்பரையோடு போனேன். அதற்கும் அழுதது. என்ன வேண்டும் என்றுதான் எனக்குப் பிடிபடவே இல்லை.

கடைசியாக மலையேற வேண்டும் என்றாள். குறித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அதிலேதான் சிக்கல். என் மகள் செல்வி படித்த படிப்புக்கு வேலை தேடி, கல்யாணம், பிள்ளை என்று பத்து வருஷம் வீட்டில் இருந்தவள். சிவகங்கையில் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்திருந்தது. அந்த ஞாயிறுக்கு மறுநாள், திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள்.

"வேற ஞாயிறு பாத்துக்குவம் மாமா" என்றார் மருமகன்.

"மாப்பிள்ளை, முகூர்த்த நாள்ல மூணு கல்யாணத்துக்கு ஒரே நேரத்துல பாத்திரம் எறக்குனவன் நான். விளக்கு வைக்கிறதுக்குள்ள செல்வி வீட்ல இருப்பா. என் பொறுப்பு."

செல்வி என்னைப் பார்த்தாள். "அப்பா, இது எனக்குக் கடைசி பஸ்சு மாதிரி. விட்டுட்டா அவ்வளவுதான்."

"நான் இருக்கேன்ல?"

மலையின் பெயர் வேண்டாம். திண்டுக்கல்லைத் தாண்டி எங்கேயோ இருக்கிறது. எங்கள் வேனை ஓட்டியவன் சேகர், கோட்டையூர்க்காரன், பல வருஷமாக என் பாத்திர வண்டி ஓட்டுகிறவன். மலை ரோட்டில் பல வளைவு ஏறிய பிறகு, ஒற்றையடிப் பாதை தொடங்கும் இடத்தில் ஒரு டீக்கடை. அங்கே இறங்கினோம். ஃபோன் வைத்துக்கொண்டு நடந்தால் அது சாகசமே இல்லை என்று கயல் எல்லோருடைய ஃபோனையும் பிடுங்கி வேனில் போட்டாள். சாப்பாட்டுத் தூக்குகளையும் வேனிலேயே விடச் சொன்னவன் நான். ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் ஊர்ப் பெரிய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். விருந்தாளி முன்வாசலில் இறங்குவார். முதல் கட்டு, இரண்டாம் கட்டு என்று தாண்டி உள்ளே போனால் கடைசியில் சாப்பாடு. என் பாத்திர வண்டி சுற்றிக்கொண்டு போய்ப் பின்தெருவில் நிற்கும். என் வாழ்நாளில் டிரைவர்களிடம் அதிகம் சொன்ன வாக்கியம் ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் அன்றும் சொன்னேன்.

"சேகரு, நாங்க இதுக்குள்ள நடந்து வர்றோம். நீ சுத்திப் போயி பின்வாசல்ல நில்லு."

"சரிண்ணே. எலையப் போட்டு வைக்கவா?"

"போட்டு வையி."

அவனுக்கும் சந்தேகம் வரவில்லை பாருங்கள். வேன் போய்விட்டது. டீக்கடை அம்மா, "எப்பத் திரும்பி வருவீங்க?" என்று கேட்டார். "திரும்புறதா? நாங்க அங்குட்டுப் போயிருவோம்மா" என்று சிரித்தேன். அந்த அம்மா சிரிக்கவில்லை.

நடந்தோம். மரம், பாறை, மறுபடி மரம். உச்சி வெயிலில் பாதை ஒரு பெரிய பாறையின் மேல் போய் நின்றது. அதற்கு அப்புறம் வானம். அங்கே செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த பையன்களிடம், "தம்பி, பின்பக்கம் எறங்குற வழி எது?" என்றேன். (இதை வழி கேட்டதாகக் கணக்கில் எடுக்கக் கூடாது. சரிபார்த்தேன்.)

"பின்பக்கமா? பின்பக்கம் பள்ளம் சார்."

"பள்ளத்துக்கு அங்குட்டு?"

"அங்கயும் பள்ளந்தான் சார்."

என் மனைவி பஞ்சவர்ணம் கண்டாங்கிச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பாறையில் உட்கார்ந்தாள். "வேன எங்க நிக்கச் சொன்னீக?"

சொன்னேன்.

"மலைக்கு எவனாச்சும் பின்வாசல் வச்சுக் கட்டுவானா?"

"கட்டுனவன் வச்சிருப்பான். நமக்குத்தான் தெரியல" என்று பக்கவாட்டில் ஒரு ஆட்டுத்தடத்தில் இறங்கினேன். எல்லோரும் என் பின்னால் வந்தார்கள். வலது கைப்பக்கம் திரும்பினேன், இறங்கினேன், ஏறினேன், ஒரு முள்ளில் வேட்டியின் ஒரு ஓரத்தைக் காணிக்கையாகக் கொடுத்தேன். முன்னால் ஒரு பெரிய பாறை. அதே பையன்கள். அதே செல்ஃபி.

"வாங்க சார்" என்றான் ஒருவன்.

இன்றுவரை அது எப்படி நடந்தது என்று எனக்குப் புரியவில்லை. மருமகனுக்குப் புரிந்ததாம். அவர் சொல்லி எனக்குப் புரியவில்லை.

வந்த வழியே டீக்கடைக்குத் திரும்பியபோது சாயங்கால வெயில் சாய்ந்திருந்தது. கயல் ஒருத்திதான் சந்தோஷமாக இருந்தாள். செல்வி டீக்கடை அம்மாவிடம் மணி கேட்டாள்.

டீக்கடை அம்மாவின் ஃபோனை வாங்கினேன். சேகர் நம்பர் யாருக்கும் மனப்பாடமில்லை. என் நம்பர் மட்டும் தெரியும். என் அண்டா ஒவ்வொன்றிலும் வெட்டியிருக்கிற நம்பர். அந்த ஃபோன் வேனில்தானே இருக்கிறது என்று அடித்தேன். சேகர் எடுத்தான்.

"வணக்கம். அண்ணன் இல்ல. பாத்திரம் வேணும்னா தேதியச் சொல்லுங்க."

"டேய், நாந்தாண்டா!"

"நாந்தான்னா யாரு?"

"உங்க அண்ணண்டா!"

"அண்ணன் ஃபோனு எங்கிட்ட இருக்கு. அப்புறம் அண்ணன் எப்படிய்யா பேசுவாரு? எவன்ட்ட வெளாடுற?" வைத்துவிட்டான்.

மறுபடி அடித்துப் பஞ்சவர்ணத்திடம் கொடுத்தேன். அவள் ஒரே ஒரு வசவு வைதாள். அடையாளம் தெரிந்துகொண்டான். மலையைச் சுற்றி வந்து, ஏதோ ஒரு ஊரில் வேப்பமரத்தடியில் இலை போட்டு உட்கார்ந்திருக்கிறானாம். வழியில் பார்த்தவரிடமெல்லாம் மலைக்குப் பின்வாசல் எது என்று கேட்டிருக்கிறான். ஆளுக்கு ஒரு பக்கம் கை காட்டினார்களாம். "இந்தா, வந்துட்டேன் ஆத்தா" என்றான்.

காத்திருந்தோம். இருட்டத் தொடங்கிய நேரத்தில் கடைசி பஸ் ஹாரன் அடித்தது.

"அப்பா, சேகரண்ணே வந்துருவாரு. இருப்போம்" என்றாள் செல்வி.

"அவன் இனி எந்த மலைக்குப் போறானோ! ஏறுங்க எல்லாரும்!"

ஏறினோம். நாலாவது வளைவில் கயல் ஜன்னலில் குதித்தாள். "தாத்தா! நம்ம வேனு மேல போகுது!"

கத்தினேன். கண்டக்டர், "எறங்குனா நடைதான், பெரியவரே. அடிவாரத்துல கேட்ட இப்பப் பூட்டிருவாக. மேல போன வண்டி காலையிலதான் எறங்கும்" என்றார்.

"சரி, இந்த பஸ்சு திண்டுக்கல்லுக்கு எப்பப் போகும்?"

"திண்டுக்கல்லா? இது அடிவாரத்துல போயிப் படுத்துரும். காலையில அஞ்சு மணிக்குத்தான் எந்திரிக்கும்."

அந்த ராத்திரியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அடிவாரத்துக் கோயில் மண்டபத்தில் கொசுக்களுக்கு நாங்கள் பந்தி போட்டோம்.

காலையில் முதல் பஸ், பிறகு மதுரை, அங்கிருந்து நேரே சிவகங்கை. பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது ஒன்பதரை மணி. செல்வியைப் பார்த்தேன். டிராக் பேன்ட், பனியன், பூட்ஸ், முழங்கால்வரை செம்மண். தலையில் ஒரு இலை. ஜவுளிக்கடை ஷட்டர் ஏறவில்லை. ஏறினாலும் ஜாக்கெட்டுக்கு எங்கே போவது?

"இப்படியே போயி நின்னா வாட்ச்மேனே விடமாட்டான்" என்றாள். மூன்று கல்யாணத்துக்கு ஒரே நேரத்தில் பாத்திரம் இறக்கியவன், ஒரு சேலைக்கு வழி தெரியாமல் நின்றேன்.

பஞ்சவர்ணம் மகளின் கையைப் பிடித்தாள். "உள்ள வாடி."

இரண்டு பேரும் பெண்கள் கழிப்பறைக்குள் போனார்கள். கொஞ்ச நேரத்தில் செல்வி வெளியே வந்தாள், அம்மாவின் கண்டாங்கிச் சேலையில், ஊக்குகளால் இறுக்கிய ஜாக்கெட்டில், சீவிய தலையோடு. லெக்சரர் என்றால் லெக்சரர்தான். அவள் பின்னால் வந்தது யார் என்று எனக்கு முதலில் தெரியவில்லை. டிராக் பேன்ட், பனியன், பூட்ஸ், அதன்மேல் தாலி. சேலையைத் தவிர வேறெதுவும் உடுத்திப் பழகாத என் வீட்டம்மா.

"என்ன பாக்குறீக? துண்டக் குடுங்க." வாங்கி மேலே போட்டுக்கொண்டாள்.

செல்வி ஆட்டோவில் பறந்தாள். மருமகனும் கயலும் பஞ்சவர்ணத்தைக் கூட்டிக்கொண்டு காரைக்குடி பஸ் ஏறினார்கள். "நான் இருந்து புள்ளையக் கூட்டிட்டு வர்றேன்" என்றேன். பஞ்சவர்ணம் ஜன்னல் வழியாக, "எல்லாரும் வர்ற வாசல்ல நில்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் கல்லூரிக்குப் போனேன். சாயங்காலம் வரை வெளியே சுற்றினேன். பத்து மணிக்கு முன்னால் போய்ச் சேர்ந்தாளா, இல்லை அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்களா, ஒன்றும் தெரியாது. மணி அடித்தது. பிள்ளைகளின் சத்தம் கட்டிடத்துக்கு அந்தப் பக்கமாகப் போய் அடங்கியது. அப்போதுதான் பார்த்தேன். நான் நின்றுகொண்டிருந்தது பூட்டிக்கிடந்த பின்கேட். கால் தானாகக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. முன்பக்கம் ஓட மூச்சு இல்லை.

உள்ளே சாவிச் சத்தம். வாட்ச்மேன் கேட்டைத் திறந்தார். பக்கத்தில் செல்வி.

"நீங்க இங்கதான் நிப்பீகன்னு தெரியும்ப்பா."

"சேத்துக்கிட்டாகளா?"

"சேத்துக்கிட்டாக." ஊக்கு ஒன்றைச் சரிசெய்தாள். "சேல எங்க எடுத்ததுன்னு எல்லாரும் கேட்டாக."

"என்ன சொன்ன?"

"அம்மா மேலருந்து உருவுனதுன்னா சொல்ல முடியும்? வாங்க, பஸ்சு போயிரும். என் பின்னால வாங்க."

சேகர் மறுநாள் மத்தியானம் ஊசிப்போன சாம்பாரோடு வந்து சேர்ந்தான். "நீங்க சொன்ன எடத்துலதாண்ணே நின்னேன்" என்று இன்றைக்கும் வாதாடுகிறான். கயலுக்குக் கணக்கு வராவிட்டால், "விடை பின்வாசல்ல நிக்குது தாத்தா" என்கிறாள். பஞ்சவர்ணம் அந்த டிராக் பேன்ட்டை மகளிடம் திருப்பிக் கொடுக்கவே இல்லை. தினமும் விடிந்ததும் அதை மாட்டிக்கொண்டு நடக்கக் கிளம்புகிறாள். செருப்பை உதறிப் பூட்ஸைப் போட்டுக்கொண்டே தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்கிறாள்:

"நான் போயிட்டு வர்றேன். எந்த வாசல்ல வந்து நிப்பீக?"

எங்கள் வீட்டுக்கு ஒரே வாசல்தான்.