பூனை இருந்த குழுவில் எலி எழுதிய பரீட்சை

ஒரு காட்டில் ஒரு கல்லூரி இருந்தது. சிரிக்காதீங்க, நம்ம ஊர்க் கல்லூரியெல்லாம் மட்டும் வேறெங்கே இருக்காம்?

அந்தக் கல்லூரிக் கரடி வாத்தியார் மூன்று நாள் பயிற்சிக்குப் போனார். திரும்பும்போது புது மனுஷராக வந்தார்.

“இனிமே நான் பாடம் நடத்த மாட்டேன். வீட்டிலேயே படிச்சுட்டு வந்து முதல்ல தனியாப் பரீட்சை எழுதணும். அப்புறம் அதே கேள்விகளுக்குக் குழுவா உட்கார்ந்து பேசி ஒரே விடை தரணும். பாஸானா குழுவே பாஸ். ஒரு ஆள் குறைஞ்சாலும் குழுவே பெயில்!”

சீட்டுக் குலுக்கினார். பூங்கோதை என்ற எலிக்கு ஓர் ஆமை வந்து வாய்த்தது. கூடவே கட்டாரி என்ற காட்டுப்பூனையும். அடக் கொடுமையே! எலி அங்கேயே மயங்கி விழுந்தது.

பூனைதான் தண்ணீர் தெளித்து எழுப்பியது. “பயப்படாதே தங்கச்சி. டிகிரி வாங்கினாத்தான் மாமா பொண்ணு தருவாராம். பாஸாகிற வரைக்கும் உன் மேல ஒரு நகம் படாது.”

“பாஸான பிறகு, அண்ணா?”

“பிறகென்ன, பார்ட்டிதான்!” என்று பூனை மீசையை நக்கியது.

தனிப் பரீட்சையில் எலி பத்துக்குப் பத்து. குழுப் பரீட்சையில் முதல் கேள்வி, ‘நெல் எங்கே விளையும்?’ வயல் வரப்பிலேயே பிறந்து வளர்ந்த எலி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

“பனைமரத்துல, அண்ணா.”

“எனக்கும் அப்படித்தான் படுது” என்றது ஆமை. அது புத்தகத்தையே திறக்கவில்லை. முதல் மார்க் எலி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பூனையும் தலையாட்டியது. பத்துக் கேள்வியும் இப்படியே போய், குழுவுக்குப் பூஜ்ஜியம்.

கரடி தலையைச் சொறிந்தார். “நேருக்கு நேர் உட்கார்ந்தாக் கூச்சம் வருது போல. ஆன்லைன்ல வைப்போம்!”

எலி பொந்துக்குள், பூனை புதருக்குள். ஆமை கேமராவை அணைத்துவிட்டு ஓட்டுக்குள். பூனை எட்டாத தூரத்தில் இருக்கிறது என்றதும் எலிக்குத் தலைகால் புரியவில்லை. பாட்டுப் பாடிக்கொண்டே பத்துக்கும் சரியான விடையைத் தட்டிக் குழுவின் பேரில் அனுப்பிவிட்டது. அனுப்பிய பிறகுதான் உறைத்தது. ஐயையோ, பாஸ்!

“மூணு பேரும் நேர்ல வந்து சர்டிபிகேட் வாங்கிக்கணும்” என்றார் கரடி. பூனை விருந்துக்கு உட்காருவதுபோல் கழுத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு வந்து நின்றது.

எலி ஓடிப்போய்க் கரடியின் காலில் விழுந்தது. “ஐயா, மன்னிச்சுடுங்க! நாங்க பார்த்து எழுதினோம்!”

“பொய்! பச்சைப் பொய்!” என்று பூனை அலறியது.

கரடி ஆமையைக் கேட்டார். “எந்தப் பரீட்சை?” என்றது ஆமை.

“ரிசல்ட் ரத்து! அடுத்த செமஸ்டர் இதே குழு மறுபடி எழுதணும்!”

இப்போது பதினெட்டாவது செமஸ்டர் நடக்கிறது. எலிக்குப் பேரன் பேத்தியே வந்தாச்சு. பாம்பு தலைகாட்டினால் பூனை பாய்ந்து விரட்டுகிறது. மழை பெய்தால் எலியின் தலைக்கு மேல் தேக்கிலை பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுகிறது.

“நனையாதே தங்கச்சி! உனக்கு ஜுரம் வந்தா என் கல்யாணம் போச்சு!”

நீதி: குழுவாகப் படித்தால் எமனும் அண்ணன் ஆவான். தப்பித்தவறிப் பாஸாகிவிடாதீர்கள்.