நிலவாகைப் பொடியும் நல்லி எலும்பும்

முதலில் துரோகம் செய்தவன் சந்துரு. பழனிமுத்துவின் மச்சினன். அவன் கல்யாண விருந்தில், வீட்டு மாப்பிள்ளையான இவர் இலைக்கு வரவேண்டிய நல்லி எலும்பை வீடியோ எடுக்க வந்தவன் இலையில் வைத்துவிட்டான். அது நடந்து பதினோரு வருடம் ஆகிறது. மைசூரில் எத்தனையோ வீடுகளுக்குக் கம்பி கட்டியவர் பழனிமுத்து. அந்தக் கம்பிகள்கூடத் துருப்பிடித்திருக்கும், இந்தக் கோபம் துருப்பிடிக்கவில்லை.

இப்போது சந்துரு மகளுக்குக் குண்டலுபேட்டையில் காதுகுத்து. "மாமா, இந்தத் தடவை என் கையாலயே உங்களுக்கு நல்லி வைக்கிறேன்" என்று போனில் சத்தியம் செய்திருந்தான். விருந்து புதன்கிழமை. அதே புதன்கிழமை காலைக்குத்தான் மனைவி சொர்ணலதா அவருடைய வயிற்று ஸ்கேனுக்கு நாள் வாங்கியிருந்தாள்.

"வேற நாளே கெடைக்கலையா உனக்கு?"

"மூணு மாசமா வயித்தப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கீங்க. ஸ்கேனுக்கும் பஞ்சாங்கம் பாக்கணுமா?"

"என் நல்லி?"

"அது எங்கயும் ஓடிப்போகாது."

"ஓடாதுடி. தின்னுருவானுங்க!"

முந்தின நாள் சொர்ணலதாவோடு ஸ்கேன் சென்டருக்கு ரத்தப் பரிசோதனைக்குப் போனபோது நர்ஸ் ரோசலின் விவரம் சொன்னாள். காலையில் பட்டினி. பிறகு ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டர் மருந்துத் தண்ணி. அது குடலில் நின்றால்தான் படத்தில் குடல் தெரியும்.

"பேதிக்கு ஏதாவது சாப்பிடுறீங்களா அங்கிள்?"

"எப்பவாச்சும் நிலவாகைப் பொடி."

"இப்ப தொடவே தொடாதீங்க. மருந்துத் தண்ணி நிக்காம ஓடிரும். உடம்புல தண்ணி வத்திட்டா, ஊசியில போடுற மருந்து கிட்னிக்கும் ஆகாது. தெரியாம சாப்பிட்டுட்டா சொல்லிடுங்க. வேற நாள் வச்சுக்கலாம்."

கடைசி மூன்று வார்த்தை மட்டும்தான் பழனிமுத்துவின் காதில் விழுந்தது.

சாப்பிட்டேன் என்று சும்மா பொய் சொன்னால் சொர்ணலதா கண்டுபிடித்துவிடுவாள். வயிறே சாட்சி சொல்ல வேண்டும். புதன் விடியற்காலை அவள் குளிக்கப் போன சமயம் பார்த்து டப்பாவைத் திறந்தார். வெந்நீரில் மூன்று கரண்டி கலக்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினார். ஒன்பதுக்குள் வயிறு கலக்கும். பத்துக்கு பஸ். பன்னிரண்டுக்குப் பந்தி.

ஸ்கேன் சென்டரில் முதல் டம்ளர் உள்ளே போனது. வயிறு பேசவில்லை. நாலாவது டம்ளர். மூச்சே இல்லை. எழுந்து நடந்தார். குனிந்தார். யாரும் பார்க்காதபோது லேசாகக் குதித்தார். பார்த்துவிட்ட ஒருவர், "ஏனாயித்து சுவாமி?" என்று கன்னடத்தில் என்ன ஆச்சென்று விசாரித்தார். குண்டலுபேட்டையில் நல்லி கொதித்துக்கொண்டிருக்கிறது. இங்கே வயிறு சாமுண்டி மலை மாதிரி அசையாமல் கிடக்கிறது.

கடைசி டம்ளரும் காலி. இனி வாய்தான் சாட்சி.

"சிஸ்டர், ஒரு தப்பு நடந்துபோச்சு. காலையில நிலவாகைப் பொடி சாப்பிட்டுட்டேன். மூணு கரண்டி. அதனால வேற நாள்..."

ரோசலின் பதறினாள். "ஆன்ட்டி! அங்கிள் சொல்றதக் கேளுங்க!"

சொர்ணலதா நிதானமாகக் கைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள்.

"நிலவாகை இங்க இருக்கு சிஸ்டர். நேத்தே எடுத்துட்டேன். டப்பாவுல இருந்தது முருங்கைக்கீரைப் பொடி."

"அடிப்பாவி!"

"நேத்து சிஸ்டர் 'வேற நாள்'னு சொன்னதும் உங்க மூஞ்சியில டியூப்லைட் எரிஞ்சுது. முப்பது வருஷமா அந்த மூஞ்சியோடதான குடும்பம் நடத்துறேன்?"

ரோசலின் டாக்டரிடம் கேட்டு வந்தாள். முருங்கைக்கீரையால் ஒன்றும் ஆகாதாம். உள்ளே படுக்க வைத்துவிட்டார்கள்.

எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது மணி ஒன்றரை. சந்துருவே போன் செய்தான்.

"மாமா, கடைசிப் பந்தியும் எந்திரிச்சிருச்சு."

"அப்ப ஒரு நல்லி பாக்கிடா! அடுத்த காதுகுத்துல வச்சே ஆகணும்!"

சொர்ணலதா போனை வாங்கி அணைத்தாள்.

"அவனுக்கு இருக்கிறது ஒரே பொண்ணு. அடுத்த காதுகுத்து அவ பெத்துக்கிற புள்ளைக்குத்தான். அதுவரைக்கும் நீங்க இருக்கணும்னா, போய் ரிப்போர்ட் எப்பத் தருவாங்கன்னு கேட்டுட்டு வாங்க."