ஆழ் மேண்டில்

1986-இல் பூந்தமல்லியில் எங்கள் கனிமக் கிளை அலுவலகம் மூன்று நாற்காலியும் ஒரு கிணறும் கொண்டு நாட்டுக்குத் தொண்டாற்றி வந்தது. நான் அங்கே குமாஸ்தா. ஒருநாள் மேலிடத்துக் கடிதம் வந்தது: 'ஆழ் மேண்டில் அமைப்புகள் தங்கள் எல்லையில் தாது உருவாவதற்கு எவ்வாறு உதவுகின்றன? பதினைந்து நாளில் அறிக்கை தேவை.'

"மேண்டில்னா என்னய்யா?" என்றார் அதிகாரி கலியமூர்த்தி.

"பெட்ரோமாக்ஸ் லைட்டுல கட்டுவாங்களே சார், வெள்ளையா, வலை மாதிரி" என்றேன். பாவி, சும்மா இருந்திருக்கலாம்.

"அது எப்படி ஆழத்துல இருக்கும்?" என்று யோசித்தார். ஜன்னல் வழியே கிணறு தெரிந்தது.

அன்றே வாடகை லைட் கடைக்காரன் கன்னியப்பனின் பன்னிரண்டு பெட்ரோமாக்ஸும் பொதுநலன் கருதிக் கையகப்படுத்தப்பட்டன.

"இன்னா சார் இது அநியாயம்! அட்த்த மாசம் வேப்பம்பட்டுல என் பொண்ணு பூங்காவனத்துக்குக் கல்யாணம். மாப்ள அழைப்புக்குப் பன்னெண்டு லைட்டும் வந்துரும்னு சம்பந்தி ஊட்ல சொல்லிகீறேன்."

"அரசாங்கம் உன் பொண்ணு கல்யாணத்துக்குக் குறுக்கே நிக்குமா? போய்யா."

லைட்டுகள் கிணற்றுக்குள் இறங்கின. பத்து மணிக்கு ஏற்றி ஐந்து மணிக்கு அணைத்தோம். அலுவலக நேரத்துக்கு மேல் தாது உருவாக விதியில் இடமில்லை. மூன்றாம் நாள் பாதாளக் கரண்டி போட்டுத் துழாவியதில் இரும்பு அகப்பட்டது. வாளி வடிவத்தில் இருந்தது. கைப்பிடி இன்னும் உருவாகவில்லை.

அறிக்கை போயிற்று. செய்தி அதைவிட வேகமாகப் போயிற்று. ஆவடி, அம்பத்தூர், அண்ணனூர் எங்கும் வீட்டுக்கு வீடு கிணற்றில் பெட்ரோமாக்ஸ். கிணற்றில் லைட் எரியாத வீட்டில் சம்பந்தம் பேச யோசித்தார்கள். மனைகள் 'இரும்பு விளையும் பூமி' என்று விலை ஏறின.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை, மேலிடத்திலிருந்து பால்ராஜ் என்ற நிபுணர் வந்தார். வாளியைப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார்.

"சார், மேண்டில்னா பூமிக்குள்ள இருக்கிற சூட்டுப் பாறை. முப்பது நாப்பது கிலோமீட்டருக்குக் கீழே ஆரம்பிச்சு மூவாயிரம் கிலோமீட்டர் வரை போகுது. அடியிலேருந்து சூடு கிளம்பி வர்ற எடத்துலதான் பல தாது உண்டாகுது."

"மூவாயிரமா? நம்ம எல்லை திருநின்றவூரோட சரி" என்றார் கலியமூர்த்தி.

"இது கிணத்துல விழுந்த வாளி சார்!"

"வாளி காணோம்னு கோப்புல இருக்காய்யா?" என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன். "அப்போ விழலை. விழலைன்னா விளைஞ்சதுதான்."

வாசலில் நின்ற கன்னியப்பன் கையெடுத்துக் கும்பிட்டான். "இன்னாவோ இருக்கட்டும் சார். இன்னிக்கு சாயங்காலம் அழைப்பு. லைட்ட குட்த்துடு சார்."

"விளைஞ்சதுன்னா உன் லைட்டு ஆராய்ச்சிக் கருவி. விளையலைன்னா சாட்சிப் பொருள். எப்படிக் கொடுக்கிறது? நீயே சொல்லு."

வாடகைக்கு எடுக்கலாமென்று கன்னியப்பன் பூந்தமல்லியிலிருந்து ஆவடி வரை அலைந்தான். ஒரு லைட்கூட மேலே இல்லை.

அன்று சாயங்காலம் வேப்பம்பட்டில் கரண்ட் வேறு போய்விட்டது. தெருவே கும்மிருட்டு. இரண்டு பக்கமும் கிணறுகள் மட்டும் ஜகஜ்ஜோதி. மாப்பிள்ளை சாக்கடையில் ஒரு கால் விட்டார். 'லைட் கடைக்காரன் லட்சணத்தைப் பாரு' என்று சம்பந்தி வீட்டார் திரும்பிப் போகக் கிளம்பினார்கள்.

கன்னியப்பன் ஓடி வந்து அதே தெருவில் இருந்த என் வீட்டுக் கதவைத் தட்டினான். கண்ணில் தண்ணீர்.

"அண்ணாத்தே, உன் கெணத்துல ஒண்ணு எரியுதே, அத்தயாவது தூக்கிக் குடு. எம்பொண்ணு வாழ்க்க அண்ணாத்தே!"

எனக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், வந்தது.

"நாளைக்கு வாயேன் கன்னியப்பா. இப்பத்தான் வாளியைப் போட்டேன், விளையணும்" என்றேன்.