ஒன்றுக்கு அடுத்தது பத்து

விமர்சனம் எழுதுகிறவனுக்குப் பெண் கொடுக்கக் கூடாது. இந்தக் கருத்து என்னுடையதல்ல, என் தாய்மாமாவுடையது. அதையும் அவர் சும்மா பொழுதுபோக்காகச் சொல்லவில்லை. ஸ்ரீரங்கத்தில் ரேவதி வீட்டு வாசலில், செருப்பைத் தேடிக்கொண்டே, உள்ளே இருப்பவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார். விமர்சனம் எழுதுகிறவன் நான்தான்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. மன்னார்புரத்தில் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. வண்டி மோதியவர்கள் அனுப்பும் விண்ணப்பங்களைப் படித்து, எங்கே கதை உதைக்கிறது என்று கண்டுபிடிப்பது என் உத்தியோகம் (இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்). மற்ற நேரத்தில் ஃபேஸ்புக்கில் வெப் சீரிஸ் விமர்சனம் எழுதுவேன். ஒரு பதிவுக்குப் பத்துப் பன்னிரண்டு லைக் விழும். அதில் பாதி சொந்தக்காரர்கள், ஒன்று நானே வேறொரு பெயரில் போட்டது. ஆனால் என் தோரணையைப் பார்த்தால், நான் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மும்பையில் நாலு தயாரிப்பாளர்களுக்குத் தூக்கம் போய்விடும் என்று நினைப்பீர்கள். என் ஜாதகத்தோடு போன குறிப்பில் 'பொழுதுபோக்கு: டிவி பார்ப்பது' என்று அம்மா எழுதியிருந்ததை அடித்துவிட்டு, 'திரைக்கலை விமர்சனம்' என்று நானே எழுதினேன். வினை அங்கேயே தொடங்கியது.

ரேவதியை முதல் தடவை பார்க்கப் போனது பிரமாதமாக நடந்தது. காரணம், அதற்கு முதல் நாள்தான் எனக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தார்கள். வாய்க்குள் பஞ்சு. எதைக் கேட்டாலும் மெல்லத் தலையாட்டிச் சிரித்தேன். "பையன் ரொம்ப நிதானம்" என்று பெண் வீட்டில் பேசிக்கொண்டார்களாம். கிளம்பும்போது ரேவதி மட்டும் பக்கத்தில் வந்து, "பல் பிடுங்குனீங்களா? ஐஸ் வைங்க, வீக்கம் குறையும்" என்றாள். ஒரு கூடம் நிறைய ஆட்கள் என் அமைதியை மெச்சிக்கொண்டிருந்தபோது, என் வீங்கின கன்னத்தைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். கட்டினால் இவளைத்தான்.

இரண்டாவது தடவை போவது நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிக்க. வேறு சிக்கல் எதுவும் இல்லை. ஜாதகம் பொருந்திவிட்டது, இரண்டு வீட்டுக்கும் சம்மதம். காரில் காவிரிப் பாலம் தாண்டும்போது மாமா திரும்பி, "மாப்ளே, போன தடவை மாதிரியே இரு. பஞ்சு இல்லேன்னாலும் இருக்குன்னு நெனச்சுக்க" என்றார். திருவானைக்காவல் வந்ததும் இன்னொரு தடவை சொன்னார். அம்மா அதற்குள் இரண்டு தடவை சொல்லியிருந்தாள். ஊரே சொன்னாலும் கேட்கிற ஜென்மமா நான்?

இந்த இடத்தில் 'ஏழாவது கையெழுத்து' பற்றிச் சொல்லிவிட வேண்டும். அந்தச் சமயத்தில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த சதித் தொடர் அது. ஆறு பெரிய மனிதர்கள் கையெழுத்துப் போட்ட ஒரு ரகசியக் கோப்பு, ஏழாவது கையெழுத்து யாருடையது என்று தேடும் போலீஸ் அதிகாரி வேதநாயகம், அவரை ஒழிக்கப் பார்க்கும் மந்திரியின் செயலாளர் கிருபாகரன். வேதநாயகம் சென்னை வெயிலில் முழங்கால் வரை கறுப்புக் கோட்டு போட்டு நடப்பார், ஒரு சொட்டு வியர்க்காது. யார் வீட்டிலும் டியூப் லைட் கிடையாது. எல்லோரும் இருட்டில் உட்கார்ந்து பாதி வாக்கியம் பேசிவிட்டு எழுந்து போவார்கள். முதல் சீசன் பார்த்துவிட்டு நானும் கொஞ்ச நாள் ஆபீசில் பாதி வாக்கியம் பேசினேன். மேனேஜர் தொண்டை டாக்டரைப் பார்க்கச் சொன்னார்.

இரண்டாவது சீசன் வந்ததும் கூட வேலை பார்க்கும் செல்வம் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தான் (அவனுக்கு எப்படிக் கிடைத்தது என்று நீங்களும் கேட்காதீர்கள், நானும் கேட்கவில்லை). அதை டிவியில் சொருகிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சோபாவை விட்டு எழுந்திருக்கவில்லை. பத்து எபிசோடும் அதுவாகவே ஒன்றன்பின் ஒன்றாக ஓடியது. அடேயப்பா! இரண்டாவது எபிசோடிலேயே கிருபாகரன் துறைமுகத்துக் கிரேனிலிருந்து விழுந்து செத்துப்போகிறார். ஏழாவது கையெழுத்து வேதநாயகத்தின் சொந்த மாமனாருடையது என்பதும் அங்கேயே உடைந்துவிடுகிறது. மூன்றாவது எபிசோடில் அதே கிருபாகரன் உட்கார்ந்து டீ குடிக்கிறார்! வேதநாயகம் ஒன்றுமே தெரியாதவர் மாதிரி மாமனார் வீட்டில் வத்தக்குழம்பு பிசைந்து சாப்பிடுகிறார்! கடைசி எபிசோடில் ஒரு போன் வருகிறது. "அந்த ஏழாவது ஆள் வேற யாருமில்ல..." என்பதோடு திரை இருண்டுவிடுகிறது. நான் எழுந்து நின்று கைதட்டினேன். வீட்டில் யாரும் இல்லை.

அன்றைக்கே விமர்சனம் எழுதிவிட்டேன். 'காலத்தைச் சீட்டுக்கட்டாகக் கலைத்துப் போட்டிருக்கிறார் இயக்குநர். முதல் சீசனையே தூக்கிச் சாப்பிட்டுவிட்டது இரண்டாவது. சோம்பேறி ரசிகர்களுக்கு இது புரியாது.' இப்படி நாலு பக்கம். அந்த நாலு பக்கத்தையும் ரேவதியின் அப்பா படித்துவிட்டார் என்பது அவர் வீட்டுக் கூடத்தில் உட்காரும் வரைக்கும் எனக்குத் தெரியாது.

அவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் ஒரு முறையோடு செய்கிற மனிதர். டீப்பாயின் மேல் பஞ்சாங்கம், மூக்குக் கண்ணாடி, பேனா மூன்றையும் வரிசையாக வைத்திருந்தார். காபி குடித்து முடித்ததும் பஞ்சாங்கத்தை எடுக்கப் போனவர், கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, ஏழாவது கையெழுத்து பத்தி எழுதியிருந்தீங்களே. நானும் பாத்தேன். முதல் சீசன் நல்லாருந்துச்சு. ரெண்டாவது சும்மா இழுத்துட்டுப் போற மாதிரி இருந்துச்சுங்க. கடைசி எபிசோட் வரைக்கும் ஒண்ணுமே நடக்கலியே?"

மாமா என் முழங்காலை அழுத்தினார். நான் அந்தக் கையை எடுத்து அவர் மடியிலேயே வைத்தேன்.

"அங்கிள், இதையெல்லாம் மெகா சீரியல் மாதிரி பாக்கக் கூடாது. கிருபாகரன் செத்ததுக்கப்புறம் எட்டு எபிசோட் உயிரோட வர்றாரே, அதைக் கவனிச்சீங்களா? அங்கதான் விஷயமே இருக்கு."

"செத்ததுக்கப்புறமா? அவன் சாகறதே பத்தாவது எபிசோட்லதானே தம்பி?"

இந்த இடத்தில் மூளை உள்ள எவனும் ஒரு வினாடி யோசித்திருப்பான். மோதின வண்டியின் கீறல் எந்தப் பக்கம் என்று ஒருத்தன் மாற்றிச் சொன்னாலே விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புகிறவன் நான். செத்தவன் எழுந்து டீ குடித்ததை மட்டும் கலை என்று கும்பிட்டுவிட்டேன். அதோடு விட்டேனா? ரொம்பப் பெருந்தன்மையாக ஒரு சிரிப்புச் சிரித்து, "ரெண்டாவது எபிசோட்லங்க. நீங்க அப்ப கொஞ்சம் தூங்கிட்டீங்க போலிருக்கு. வயசானா அப்படித்தான்" என்றேன்.

அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"முப்பத்தஞ்சு வருஷம் நைட் ஷிஃப்ட் பாத்தவனுங்க நான். வேலைல ஒருநாள் கண் அசந்தது கிடையாது" என்றார் அவர். குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால்கூடத் தேவலை.

அதுவரை கதவோரம் நின்றிருந்த ரேவதி முன்னால் வந்தாள். பாலக்கரையில் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்ப்பவள். ரசீதில் எண் மாறியிருந்தால் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும் என்று அவள் அம்மா பெருமையாகச் சொல்லியிருந்தார்.

"எதுல பாத்தீங்க?" என்றாள்.

"பென் டிரைவ்ல."

"டிவில நேரா சொருகியா?"

"ஆமாங்க. கையோட கொண்டுவந்திருக்கேன். அப்பா ஒரு தடவை பொறுமையாப் பாக்கட்டுமேன்னு." (ஆமாம். சோம்பேறி ரசிகருக்கு அன்பளிப்பாகச் சட்டைப்பையில் வைத்து எடுத்துப் போயிருந்தேன்.)

ரேவதி அதை வாங்கி அவர்கள் வீட்டு டிவியில் சொருகினாள். பெரிய திரையில் கோப்புகளின் பட்டியல் வந்தது. அவள் நிதானமாக, கூடத்துக்கே கேட்கும்படி வாசித்தாள்.

"ஒண்ணு. பத்து. ரெண்டு. மூணு. நாலு..."

ஒன்பது வரை வாசித்துவிட்டு நிறுத்தினாள். செல்வம் என்கிற அந்தப் படுபாவி கோப்புகளுக்கு வெறும் எண்ணை மட்டும் பெயராக வைத்திருந்தான். டிவி அதை அகராதி மாதிரி முதல் எழுத்தைப் பார்த்து அடுக்கி, ஒன்றுக்குப் பக்கத்தில் பத்தைக் கொண்டுபோய் வைத்திருந்தது. இயக்குநர் பாவம், ஒன்றிலிருந்து பத்து வரை நேராகத்தான் கதை சொல்லியிருக்கிறார். காலத்தைக் கலைத்துப் போட்டது எங்கள் வீட்டு டிவி.

"மாப்ளே, ஒண்ணுக்கப்புறம் பத்தாடா வரும்?" என்றார் மாமா, அடக்கமாட்டாமல்.

"இல்ல மாமா, அது வந்து, கலைன்னு பாத்தா..." என்று ஆரம்பித்தேன். முடிக்கவில்லை. வாழ்க்கையில் முதன்முறையாகப் பாதி வாக்கியம் இயல்பாக வந்தது.

ரேவதியின் அப்பா மூக்குக் கண்ணாடியை மடித்துக் கூட்டில் போட்டார். பேனாவைச் சட்டையில் குத்திக்கொண்டார். பஞ்சாங்கத்தைத் திறக்காமலே எடுத்துப்போய் அலமாரியில் வைத்துவிட்டு வந்து, "கலந்து பேசிட்டுச் சொல்லியனுப்புறோங்க" என்றார். கல்யாணப் பேச்சில் இந்த ஒரு வரிக்கு என்ன அர்த்தம் என்று தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். மாமா செருப்பு தேடியது அப்போதுதான்.

அடுத்த எட்டு நாள் நான் பட்ட பாடு சொல்லி மாளாது. அம்மா என்னோடு பேசவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு டிவியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள். எனக்குச் சங்கடத்தைவிட பயம்தான் அதிகம். பல் வீக்கத்தைப் பார்த்து ஐஸ் வைக்கச் சொன்ன ஒரு பெண்ணை, அவள் அப்பாவை அவர் வீட்டிலேயே தூங்குமூஞ்சி என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். செல்வத்தைத் திட்டிப் பார்த்தேன். "வரிசை மாறினா உனக்குத் தெரியாதா சார்?" என்று கேட்டான்.

பிராயச்சித்தமாகக் காசு கட்டி, இரண்டாவது சீசனைச் சரியான வரிசையில் மறுபடி பார்த்தேன். குப்பை! ஒன்பது எபிசோடு கோட்டும் இருட்டும்தான். முடிச்சை அவிழ்க்கிற விஷயம் பத்தாவதில் அவசர அவசரமாக வந்துவிட்டுப் போகிறது. முதல் சீசனில் இருந்த மிடுக்கு மட்டும் மிச்சம், சரக்கு காலி. அந்தப் பெரியவர் சொன்னது அட்சரசுத்தமாகச் சரி. ஃபேஸ்புக்கில் பழைய பதிவுக்குக் கீழேயே எழுதினேன்: 'நான் பத்தாவது எபிசோடை இரண்டாவதாகப் பார்த்த முட்டாள். இந்த சீசன் தேறாது என்று சரியாகக் கண்டுபிடித்தவர் ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார். அவர் தூங்கவில்லை. நான்தான் தூங்கினேன், கண்ணைத் திறந்துகொண்டு.' என் வாழ்நாளிலேயே அதிக லைக் வாங்கிய பதிவு அதுதான்.

மறுநாள் ரேவதி போன் செய்தாள்.

"எழுதுனதைப் படிச்சேன். செத்தவன் எழுந்து வந்தப்போகூட உங்களுக்கு உங்க மேல சந்தேகம் வரலையா?"

"வரலைங்க."

"அதான் எனக்கு பயமா இருக்கு. நாளைக்கு நம்ம வீட்ல ஏதாவது தப்பாப் போனாலும் இது கலைன்னு சொல்லிட்டு உக்காந்திருப்பீங்களோன்னு."

சுருக்கென்றது. சமாளிக்க ஒரு வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது. கடைவாயில் பஞ்சு இருப்பதாக நினைத்துக்கொண்டு அதை விழுங்கினேன். "தப்புதாங்க. அப்பாகிட்ட மன்னிப்புக் கேக்கணும். வரலாமா?" என்றேன்.

"வாங்க. தனியா வாங்க, மாமா வேணாம்" என்றாள்.

போனேன். கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. ரேவதியின் அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். பார்த்தால் என் பென் டிரைவ்! அதை அங்கேயே விட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறேன். வாயைத் திறந்து "மன்னிச்சுக்குங்க" என்பதற்குள் கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"இருங்க தம்பி. உங்க வரிசைலதான் பாத்துட்டு இருக்கேன். ஒண்ணு, பத்து, ரெண்டுன்னு. அந்த மாமனார்தான் ஏழாவது ஆளுன்னு தெரிஞ்சுட்டுப் பாத்தா, அவர் கையால சாப்பிடுற ஒவ்வொரு சாப்பாடும் திக்கு திக்குன்னு இருக்குங்க. இப்படியே எடுத்திருக்கலாம் அவங்க."

"இல்லீங்க, நீங்க சொன்னதுதான் சரி. நேரா பாத்தா தேறலை. அன்னைக்கு நான் பேசுனது ரொம்பத் தப்பு."

"தேறலைதான். நீங்க பேசுனதும் தப்புதான்" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். எபிசோடு முடியும் வரை நானும் உட்கார்ந்து பார்த்தேன். முடிந்ததும் எழுந்து அலமாரியைத் திறந்து பஞ்சாங்கத்தை எடுத்து வந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி என்று சமாளித்தேன். பஞ்சாங்கத்தில் தூசியே இல்லை என்றாள் ரேவதி.

இதெல்லாம் நடந்து நாலு வருஷம் ஆகிறது. ஆனால் யாரும் மறந்தபாடில்லை. கல்யாணத்தன்று நான் மாலையை எடுப்பதற்கு முன்பே தாலிக்குக் கை நீட்டியபோது, மேடையிலேயே "மாப்ளே, அது பத்தாவது எபிசோட்!" என்று கத்தினார் மாமா. மண்டபமே சிரித்தது. மாமனார் வீட்டில் இன்றைக்கும் மாத்திரை டப்பா, சாவிக்கொத்து, மளிகை டின் எல்லாவற்றிலும் 01, 02 என்று முன்னால் பூஜ்யம் போட்டு ஒட்டியிருக்கும். அப்படிப் போட்டால் பட்டியல் வரிசை மாறாதாம். விருந்தாளி யாராவது காரணம் கேட்டால் போச்சு. காபி வைத்துக்கொடுத்து முழுக் கதையையும் சொல்லாமல் விடமாட்டார்.

போன வாரம் ரேவதி எங்கேயோ வைத்துவிட்டுத் தேடிய செல்போனை நான் கூப்பிட்டுக் கண்டுபிடித்துக் கொடுத்தபோது, அடிக்கிற திரையை எட்டிப் பார்த்தேன். என் பெயரை '01 பாலு' என்று சேமித்து வைத்திருக்கிறாள்.

"ஏய், அப்ப 02 யாரு?" என்று கேட்டேன்.

"யாருமில்ல" என்றாள், போனைத் திருப்பி வைத்துக்கொண்டே. "ரெண்டாவது சீசன் தேறாதுன்னு அப்பாதான் அன்னைக்கே சொன்னாரே."